கல்சுவரில் மோதிய கார், குறுக்கே வந்த இரண்டு சட்டங்கள்: பேப்காக் எதிர் ஜாக்சன் (1963)

1960 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் நகரில் இருந்து ஜாக்சன் தம்பதியும் அவர்களுடைய தோழி பேப்காக்கும் வார இறுதியைக் கனடாவில் கழிக்கலாம் என்று காரில் கிளம்பினார்கள். கார் கணவருடையது, ஓட்டியவரும் அவரே. தோழி காசு எதுவும் கொடுக்காமல் கூடப் போனவர். சில மணி நேரம் கழித்து, ஒண்டாரியோ மாகாணத்துச் சாலை ஒன்றில் கார் கட்டுப்பாடு இழந்து, சாலையை விட்டு இறங்கி, பக்கத்தில் இருந்த கல்சுவரில் மோதியது. தோழிக்குப் பலத்த காயம்.

ஊர் திரும்பிய அவர், காரை ஓட்டிய நண்பர் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போட்டார். அலட்சியமாக ஓட்டினார், அதனால் எனக்குக் காயம், அவ்வளவுதான் புகார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே காரோட்டி இறந்துபோனார். அவருடைய உயிலை நிறைவேற்றுபவர் பிரதிவாதியின் இடத்துக்கு வந்தார்.

நண்பர் மேலேயே கேஸா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கார் விபத்து வழக்குகளில் பிரதிவாதியின் பெயர் பெரும்பாலும் பெயருக்குத்தான். தீர்ப்பானால் பணம் தரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி, வக்கீலை வைத்து வாதாடுவதும் அவர்கள்தான். இந்த விஷயம் மனதில் இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பிரதிவாதி தரப்பு, அலட்சியம் இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை. ஒண்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தது. அதன் அன்றைய 105(2) பிரிவு இப்படிப் போனது: கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் தொழிலில் இல்லாத வண்டியாக இருந்தால், அதில் பயணம் செய்தவருக்கு ஏற்படும் காயத்துக்கோ மரணத்துக்கோ உரிமையாளரும் ஓட்டுநரும் பொறுப்பாக மாட்டார்கள். ஓசியில் ஏறியவர் ஓட்டியவர் மேல் வழக்குப் போட முடியாது என்பது இதன் சாரம். வட அமெரிக்காவில் இந்த வகைக்கு ‘விருந்தினர் சட்டம்’ என்று மரியாதையான பெயர் உண்டு. நியூயார்க்கில் அப்படி ஒரு தடை இல்லை. ஓசியோ காசோ, அலட்சியம் நிரூபணமானால் இழப்பீடு உண்டு.

ஆக, நியூயார்க் சட்டப்படி போனால் வழக்கு நிற்கும். ஒண்டாரியோ சட்டப்படி போனால் வாசலிலேயே விழுந்துவிடும். முதல் நீதிமன்றம் ஒண்டாரியோ சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளுபடி செய்தது. அடுத்த கட்ட மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஒருமனதாக இல்லாவிட்டாலும் முடிவு மாறவில்லை. பிறகு மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது கீழ்மட்ட நீதிமன்றத்தின் பெயர், ‘மேல்முறையீட்டு நீதிமன்றம்’தான் உச்சியில் இருப்பது. புதிதாகப் படிப்பவர்களை இது தவறாமல் குழப்பும்.

இடம்தான் எல்லாம் என்ற காலம்

கீழ் நீதிமன்றங்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய விதி தெளிவாகவே இருந்தது: தீங்கு எங்கே நடந்ததோ, அந்த இடத்துச் சட்டம். வக்கீல்கள் லத்தீனில் ‘லெக்ஸ் லோசி டெலிக்டி’ என்பார்கள். இதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருந்தது. காயம் பட்ட நொடியில், அந்த மண்ணின் சட்டம் காயப்பட்டவருக்கு ஓர் உரிமையைக் கொடுக்கிறது. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த உரிமை கூடவே போகும், எந்த நீதிமன்றமும் அதை அமல்படுத்தும். அந்த மண் உரிமை கொடுக்கவில்லை என்றால் எங்கே போனாலும் கை வெறுங்கைதான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1904-இல் ஒரு ரயில்வே வழக்கில் இந்தக் கருத்தை எழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் ஜோசப் பீல் பொறுப்பில் 1934-இல் வந்த சட்டத் தொகுப்பு (சட்டமன்றம் போட்டதல்ல, சட்ட அறிஞர்கள் விதிகளைத் திரட்டி எழுதியது) அதை விதியாகவே இறுக்கிக் கட்டியது.

இந்த விதிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. வரைபடத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும் அதே சட்டம், அதனால் சாதகமான நீதிமன்றத்தைத் தேடி ஓடுவதில் லாபம் இல்லை.

கெடுதலைக் காட்ட 1892-ஆம் வருடத்து அலபாமா வழக்கு ஒன்று போதும். அலபாமா ரயில்வே கம்பெனி, அலபாமாவில் வேலைக்குச் சேர்ந்த அலபாமாக்காரத் தொழிலாளி. பெட்டிகளை இணைக்கும் இணைப்பில் பழுது. அதை அலபாமாவிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். சக ஊழியர்கள் சரியாகப் பார்க்கவில்லை. ரயில் எல்லை தாண்டி மிசிசிப்பிக்குள் போன பிறகு அந்த இணைப்பு அறுந்தது, அவர் காயப்பட்டார். சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்பது அன்றைய மிசிசிப்பி சட்டம். அலபாமா சட்டப்படி இழப்பீடு உண்டு. நீதிமன்றம் மிசிசிப்பி சட்டத்தைப் பார்த்து, எதுவும் கிடையாது என்று அனுப்பிவிட்டது. இணைப்பு எல்லைக்கு இந்தப் பக்கம் அறுந்திருந்தால் காசு, அந்தப் பக்கம் அறுந்ததால் இல்லை.

நீதிபதிகளும் மனிதர்கள்தானே. இப்படிப்பட்ட முடிவுகளை எழுதக் கை வராதபோது, விதியைத் தொடாமலே நழுவப் பின்வாசல்கள் கண்டுபிடித்தார்கள். 1953-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு. கலிஃபோர்னியாக்காரர்கள் அரிசோனாவில் மோதிக்கொண்டார்கள், தவறு செய்தவர் இறந்துவிட்டார். அன்றைய அரிசோனா சட்டப்படி ஆளோடு வழக்கும் போய்விடும். நீதிபதி ட்ரெய்னர், இது தீங்குக்கு ஈடு கேட்கும் ‘தீங்கியல்’ சட்ட விஷயமே இல்லை, இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் நடைமுறை விஷயம் என்று சொல்லித் தன் மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1959-இல் விஸ்கான்சின். அந்த ஊர்த் தம்பதி கலிஃபோர்னியாவில் விபத்தில் சிக்கினார்கள். கணவன் மேல் மனைவி வழக்குப் போட அங்கே தடை இருந்தது. இது குடும்பச் சட்டம், அதனால் குடும்பம் வாழும் மாநிலத்தின் சட்டம் என்றது நீதிமன்றம். 1961-இல் நியூயார்க்கே ஒரு விமான விபத்து வழக்கில், மரணத்துக்கு 15,000 டாலருக்கு மேல் இழப்பீடு இல்லை என்ற மாசசூசெட்ஸ் உச்சவரம்பை ஏற்க மறுத்தது. காரணமாகச் சொன்னது, தன் மாநிலப் பொதுக் கொள்கையும், இழப்பீட்டு அளவு என்பது நடைமுறைதான் என்ற வாதமும்.

எல்லாமே நல்ல முடிவுகள். ஆனால் சொன்ன காரணங்கள் ஒட்டுப்போட்டவை. கார் விபத்தை ‘குடும்பச் சட்டம்’ என்று பெயர் மாற்றினால் ஒரு விடை, ‘தீங்கு’ என்று விட்டால் வேறு விடை என்றால், அந்த ‘தெளிவான’ விதியில் தெளிவு எங்கே இருக்கிறது?

ஃபுல்ட் எழுதியது

1963 மே 9 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி ஃபுல்ட்.

அவர் பின்வாசலைத் தேடவில்லை. கேள்வியை நேராகவே வைத்தார்: தீங்கு நடந்த இடத்தின் சட்டம்தான் எப்போதும் ஆள வேண்டுமா, அல்லது இழப்பீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் எதற்காக என்பதையும் சேர்த்துப் பார்க்கலாமா? ஒப்பந்த வழக்குகளில் இதற்கு முன்னோடி அவரிடமே இருந்தது. 1954-இல் ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் பிரிவு ஒப்பந்தம் பற்றிய வழக்கு. ஒப்பந்தம் எழுதப்பட்டது நியூயார்க்கில், ஜீவனாம்சம் மாதம் 50 பவுண்டு கைமாறுவதும் நியூயார்க்கில் இருந்த அறங்காவலர் வழியாக. ஆனால் திருமணம், குடும்பம், குழந்தைகள் எல்லாம் இங்கிலாந்தில். ஃபுல்டின் நீதிமன்றம் பேனா பிடித்த இடத்தை விட்டுவிட்டு, விவகாரத்தின் கனம் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆங்கிலச் சட்டத்தைப் பொருத்தியது. ஒப்பந்தத்துக்குச் சரி என்றால் விபத்துக்கு ஏன் கூடாது?

அப்புறம் கணக்குப் போட்டார். காயப்பட்டவர் நியூயார்க்காரர். ஓட்டியவர் நியூயார்க்காரர். கார் நிற்பதும் பதிவானதும் நியூயார்க்கில், இன்சூரன்ஸும் சந்தேகமில்லாமல் அங்கேதான். பயணம் தொடங்கியது அங்கே, முடிய வேண்டியதும் அங்கே. ஒண்டாரியோவின் பங்கு? கல்சுவர் அங்கே இருந்தது. அது தற்செயல், அவ்வளவே.

தொடர்புகளை எண்ணிப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. தீர்ப்பின் உயிர் அடுத்த படியில் இருக்கிறது. ஒண்டாரியோ ஏன் இந்தத் தடையைப் போட்டது? ஓட்டுநரும் பயணியும் கூட்டுச் சேர்ந்து பொய்க் கணக்கு எழுதி இன்சூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றுவதைத் தடுக்க. அப்படியானால் ஒண்டாரியோ காப்பாற்ற நினைத்தது ஒண்டாரியோவின் பிரதிவாதிகளையும் அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனிகளையும். நியூயார்க் பயணிக்கு நியூயார்க் கம்பெனி பணம் கொடுப்பதில் ஒண்டாரியோவுக்கு நஷ்டம் ஏது? மறுபக்கம், தன் ஊர்க்காரருக்குத் தன் ஊர்க்காரரால் நேர்ந்த காயத்துக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் கொள்கை, கார் எல்லையைத் தாண்டியதால் மட்டும் கரைந்துவிடாது. நியூயார்க் சட்டமே பொருந்தும், வழக்கு நடக்கலாம் என்று தள்ளுபடியை ரத்து செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலரும் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு பத்தி. கேள்வி வேறாக இருந்திருந்தால் விடையும் வேறாகியிருக்கும் என்கிறார் ஃபுல்ட். ஓட்டியவர் கவனமாக ஓட்டினாரா என்பது கேள்வியாக இருந்தால், வேக வரம்பு என்ன, யார் யாருக்கு வழி விட வேண்டும் என்பதெல்லாம் ஒண்டாரியோ விஷயம். ஒண்டாரியோச் சாலையில் நியூயார்க் விதியைத் தூக்கிக்கொண்டு ஓட்ட முடியாது. சாலையில் நடந்துகொள்ளும் முறை சாலையோடு ஒட்டியது. ஆனால் கூட வந்தவர் ஓட்டியவர் மேல் வழக்குப் போடலாமா என்பது அந்த இரண்டு பேரின் உறவைப் பற்றியது, அவர்கள் ஊரோடு ஒட்டியது. ஒரே விபத்து, இரண்டு கேள்வி, இரண்டு சட்டம்.

இதற்குப் பிரெஞ்சில் ‘டெபெசாஜ்’ என்று பெயர். கசாப்புக் கடை வார்த்தை அது, வெட்டித் துண்டுபோடுவது என்று பொருள். வழக்கை முழுசாகத் தூக்கி ஒரு நாட்டின் சட்டத்திடம் ஒப்படைக்காமல், கேள்வி கேள்வியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எந்தச் சட்டம் என்று கேட்பது. பழைய விதியை உடைத்ததைவிட இந்த வெட்டும் முறைதான் பெரிய சாதனை என்பது என் கணிப்பு. பின்னால் வந்த எந்தப் புயலிலும் இது அசையவில்லை.

நோக்கம் என்ற வழுக்குப் பாறை

தீர்ப்பின் பலவீனமும் சொல்ல வேண்டும். ஒரு சட்டத்தின் நோக்கம் என்ன என்று வெளியூர் நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்? ஃபுல்ட் ஒரு கனடியச் சட்ட இதழில் வந்த குறிப்பைக் காட்டினார். ஆனால் விருந்தினர் சட்டங்களுக்கு வேறு நோக்கங்களையும் சொல்ல முடியும். உபகாரமாக ஏற்றிக்கொண்டு போனவரையே கோர்ட்டுக்கு இழுக்கும் நன்றிகெட்ட வேலையைத் தடுப்பது ஒன்று. அந்த நோக்கம் என்றால், ஒண்டாரியோச் சாலையில் உபகாரம் செய்யும் எவருக்கும் அது பொருந்தலாம் என்று வாதாட இடம் இருக்கிறது.

கூட்டுச் சதி வாதத்தையே எடுத்துக்கொள்வோம். நண்பர்கள், ஒரே ஊர், ஒரே கார், பின்னால் இன்சூரன்ஸ். ஒண்டாரியோ சட்டம் எந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்ததோ, அந்தக் காட்சி அச்சு அசலாக இங்கே இருக்கிறது! இந்த வழக்கில் சதி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏமாறப்போவது நியூயார்க் கம்பெனி, அதனால் ஒண்டாரியோவுக்குக் கவலை இல்லை என்பதுதான் ஃபுல்டின் பதில். ஒரு சட்டமன்றம் தன் ஊர்க் கம்பெனியின் பணப்பெட்டியை மட்டும் மனதில் வைத்துத்தான் சட்டம் போடுகிறது என்று இது எடுத்துக்கொள்கிறது. பொய் சொல்வது யார் பணத்துக்காக ஆனாலும் பொய்தான் என்று ஒரு சட்டமன்றம் நினைத்திருக்கக் கூடாதா?

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி வான் வூர்ஹிஸின் கவலை வேறு. நிலைபெற்ற விதியைத் தூக்கி எறிய இங்கே என்ன பெரிய காரணம் இருக்கிறது என்று கேட்டார். ஒப்பந்த வழக்குகளின் ‘ஈர்ப்பு மையம்’ முறையை விபத்துகளுக்குக் கொண்டுவந்தால், எதற்கு எந்தச் சட்டம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகும் என்றும், தன் சட்டத்தை எல்லைக்கு வெளியே நீட்டும் வேலை இது என்றும் அவருக்குப் பட்டது. நீதிபதி சிலெப்பி அவரோடு சேர்ந்துகொண்டார். முன்னேற்றத்தைத் தடுத்த பழமைவாதி என்று வான் வூர்ஹிஸை ஒதுக்கிவிடுவது எளிது. அடுத்த ஒன்பது வருடத்தைப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது.

ஒன்பது வருடத் தடுமாற்றம்

1965-இல் வந்தது டிம் எதிர் கார்டன். இரண்டு நியூயார்க் மாணவர்கள், கோடை வகுப்புக்காகக் கொலராடோ போயிருந்தார்கள். அங்கேதான் பழக்கம். ஒருவர் காரில் இன்னொருவர் ஏற, கன்சாஸ் கார் ஒன்றோடு மோதல். கொலராடோவிலும் அப்போது விருந்தினர் சட்டம் இருந்தது. பேப்காக்கைப் பார்த்தால் நியூயார்க் சட்டம் என்றுதான் யாரும் சொல்வார்கள். நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கொலராடோ சட்டம் என்றது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி பர்க், கொலராடோ சட்டத்துக்கு மூன்று நோக்கங்களைக் கண்டார். பொய் வழக்கைத் தடுப்பது, நன்றிகெட்ட விருந்தினரைத் தடுப்பது, மூன்றாவதாக, மோதப்பட்ட இன்னொரு காரில் இருப்பவர்களுக்குப் பிரதிவாதியின் பணத்தில் முன்னுரிமை கொடுப்பது. மூன்றாவது நோக்கம் எங்கிருந்து முளைத்தது என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். ஃபுல்ட் மாறுபட்ட தீர்ப்புப் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. அவருடைய கருவி, அவருக்கு எதிராகவே.

நான்கு வருடம் கழித்து, 1969-இல், டூக்கர் எதிர் லோபஸ். மிச்சிகனில் படித்த நியூயார்க் மாணவி, தந்தை பெயரில் நியூயார்க்கில் பதிவான காரை ஓட்டிக்கொண்டு வார இறுதிக்கு டெட்ராய்ட் கிளம்பினார். விபத்தில் அவரும், கூடவந்த இன்னொரு நியூயார்க் மாணவியும் இறந்தார்கள். இப்போது நியூயார்க் சட்டம் என்றது நீதிமன்றம், டிம் வழக்கின் அந்த மூன்றாவது நோக்கத்தையும் கைகழுவியது. ஆனால் அதே காரில் மூன்றாவது பெண் ஒருவரும் இருந்தார், மிச்சிகனைச் சேர்ந்தவர், காயத்தோடு தப்பியவர். அவர் விஷயம் அன்று தீர்ப்புக்கு வரவில்லை. என்றாலும் அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே நொடி. நியூயார்க் பயணிக்கு ஒரு சட்டம், பக்கத்தில் இருந்த மிச்சிகன் பயணிக்கு வேறு சட்டமா? பழைய விதியில் எல்லைக்கோடு சாலையின் குறுக்கே ஓடியது. புதிய முறையில் அது காரின் இருக்கைகளுக்கு நடுவே ஓடத் தொடங்கியது.

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் 1972-இல் வந்தது, நியூமையர் எதிர் கூனர் வழக்கில். நியூயார்க்கின் பஃபலோ நகரத்துக்காரர் எல்லை தாண்டி ஒண்டாரியோவின் ஃபோர்ட் ஈரி போய், அங்கே வசித்த நண்பரைக் காரில் ஏற்றிக்கொண்டார். ஒண்டாரியோவுக்குள்ளேயே பயணம். ஷெர்க்ஸ்டனில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி இரண்டு பேரும் இறந்தார்கள். பயணியின் மனைவி நியூயார்க்கில் வழக்குப் போட்டார். அதற்குள் ஒண்டாரியோ தன் தடையைச் சற்றுத் தளர்த்தி, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் வழக்குப் போடலாம் என்று மாற்றியிருந்தது.

பேப்காக்கின் தர்க்கத்தை வரி பிசகாமல் பின்பற்றினால் மனைவி ஜெயித்திருக்க வேண்டும். கார் நியூயார்க் கார், இன்சூரன்ஸ் நியூயார்க் இன்சூரன்ஸ். ஒண்டாரியோவின் கம்பெனிக்குக் கால் காசு நஷ்டமில்லை. ஆனால் ஒண்டாரியோ சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட அதே ஃபுல்ட். ஒண்டாரியோக்காரரான பயணிக்கு அவர் ஊரே தராத உரிமையைத் தருவதில் நியூயார்க்குக்கு என்ன அக்கறை என்று கேட்டார். கூடவே மூன்று விதிகளையும் வகுத்தார். ஓட்டுநரும் பயணியும் ஒரே ஊர், காரும் அங்கே பதிவானது என்றால், அந்த ஊர்ச் சட்டம். ஆளுக்கொரு ஊராக இருந்து, விபத்து அதில் ஒருவர் ஊரில் நடந்து, அவருடைய ஊர்ச் சட்டம் அவருக்குச் சாதகமாகவும் இருந்தால், அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். வெளியூர்க்காரர் தன் சட்டத்தைக் காட்டி அதைத் தட்டிப் பறிக்க முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும், விபத்து நடந்த இடத்தின் சட்டம், வலுவான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு.

மூன்றாவது விதியை இன்னொரு தடவை படியுங்கள். லெக்ஸ் லோசி டெலிக்டி! முன்வாசல் வழியாக வெளியேற்றியது, ஒன்பது வருடம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தின் நோக்கத்தை வழக்குக்கு வழக்கு தோண்டிக்கொண்டிருந்தால் நீதிமன்றம் மூச்சு முட்டிப் போகும் என்று ஃபுல்ட் கண்டுகொண்டார், கண்டுகொண்டதை வெட்கப்படாமல் எழுதவும் செய்தார். 1985-இல் அதே நீதிமன்றம், நடத்தையை ஒழுங்குபடுத்தும் விதி ஒரு வகை, நஷ்டத்தை யார் சுமப்பது என்று பங்கிடும் விதி இன்னொரு வகை என்று பிரித்து எழுதியது. முதல் வகைக்குப் பெரும்பாலும் நடந்த இடம், இரண்டாவதற்குப் பொதுவாக இரு தரப்பின் ஊர். 1963-இல் அந்த ஒரு பத்தியில் இருந்த வித்துதான் இது.

எல்லைக்கு வெளியே

மற்ற மாநிலங்கள் வேகமாகப் பின்தொடர்ந்தன, ஆளுக்கொரு வழியில். 1971-இல் வந்த இரண்டாம் சட்டத் தொகுப்பு ‘மிக நெருங்கிய உறவு உள்ள இடம்’ என்ற அளவுகோலை வைத்தது. அலபாமா, வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற சில மாநிலங்கள் மட்டும் பழைய விதியிலேயே நின்றுவிட்டன. ரயில் இணைப்பு அறுந்த கதையின் அலபாமாவும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கலாம்.

இங்கிலாந்தில் பாய்ஸ் எதிர் சாப்ளின் என்ற வழக்கு. இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர், பணி நிமித்தம் மால்டாவில் இருந்தபோது விபத்து. மால்டா சட்டப்படி செலவுக் கணக்கு மட்டும், 53 பவுண்டு. ஆங்கிலச் சட்டப்படி வலிக்கும் வேதனைக்கும் சேர்த்து மேலும் 2,250 பவுண்டு. அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஆங்கிலச் சட்டத்தின் பக்கம் சாய்ந்தது. வில்பர்ஃபோர்ஸ் பிரபு அமெரிக்கப் போக்கைக் கவனித்துத் தன் காரணங்களை எழுதினார். ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஜனவரி முதல் அமல்படுத்தும் ‘ரோம் 2’ ஒழுங்குவிதி நேர்த்தியாக முடிச்சுப் போடுகிறது. பொது விதி, சேதம் ஏற்பட்ட நாட்டின் சட்டம். இரு தரப்பும் ஒரே நாட்டில் வசிப்பவர்கள் என்றால் அந்த நாட்டின் சட்டம். இரண்டையும் தாண்டி வேறு நாட்டோடு வெளிப்படையான நெருக்கம் இருந்தால் அது. எந்தச் சட்டம் வந்தாலும், சம்பவ இடத்தின் பாதுகாப்பு, நடத்தை விதிகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. ராசெஸ்டர் காரை அந்த விதிகளுக்குள் ஓட்டிப் பாருங்கள், ஃபுல்டின் விடையே வரும்.

கனடாவின் கதைதான் சுவாரசியமானது. அங்கே பேப்காக்குக்கு முன்பே, 1945-இல், ஏறக்குறைய இதே காட்சி உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. இரண்டு கியூபெக்வாசிகள், ஒண்டாரியோவில் விபத்து, குறுக்கே அதே விருந்தினர் தடை. நீதிமன்றம் பழைய ஆங்கில விதி ஒன்றை வளைத்துக் கியூபெக் சட்டத்தைப் பொருத்தி, பயணிக்கு இழப்பீடு கொடுத்தது. 1994-இல் டோலாஃப்சன் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த தந்தை ஓட்டிய காரில் 12 வயது மகன், விபத்து சஸ்காட்செவனில். அங்கே அப்போது ஓசிப் பயணிக்குத் தடையும் இருந்தது, வழக்குப் போடும் காலக்கெடுவும் குறைவாக இருந்தது. மகன் வளர்ந்து சொந்த மாகாணத்தில் வழக்குப் போட்டார். நீதிபதி லா ஃபாரஸ்ட், 1945 தீர்ப்பைத் தள்ளிவிட்டு, தீங்கு நடந்த இடத்தின் சட்டம் என்று எழுதினார். மாகாணங்களுக்கு இடையே விலக்கே வேண்டாம், வெளிநாட்டு விபத்துகளில் அநியாயம் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் இடம் விடலாம் என்பது அவர் நிலை.

2002-இல் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வாங் எதிர் லீ வந்து நின்றது. எல்லோரும் ஒண்டாரியோக்காரர்கள், காரும் ஒண்டாரியோ கார். எல்லையைத் தாண்டி நியூயார்க் மாநிலத்தில் விபத்து, வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. பேப்காக்கைக் கண்ணாடியில் பார்த்தது போல. கீழ் நீதிபதி, எல்லோரும் நம் ஊர்க்காரர்கள்தானே என்று ஒண்டாரியோ சட்டத்தைப் பொருத்தியிருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, நியூயார்க் சட்டம் என்றது.